வெருளி என்கிற சின்னம்மை

எனக்குக் குளிர்காய்ச்சல் வந்த வாரம், என் கூடை எப்படியோ நிறைந்துகொண்டே இருந்தது. பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் சின்னம்மை அக்கா, மேஸ்திரி பார்க்காத நேரமாக இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டால், "மாரியாத்தா போட்டிருப்பா" என்பார்.

குன்னூர் ஜெகதளாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு 'வெருளி' என்றுதான் பெயர். நான் பிறந்து வளர்ந்த கோயமுத்தூர்ப் பக்கம் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

"ஏனுங்க அக்கா, வெருளின்னா என்னங்க?"

"பயந்தவ. சிலோன்ல மாடு திடீர்னு பதறி ஓடினா, வெருண்டுருச்சும்பாங்க. இடி இடிச்சா நான் சாக்குக்குள்ள பூந்துக்குவேன். அப்பா வச்ச பேரு. கப்பலேறி வந்தப்ப பாத்திரமெல்லாம் தொலைஞ்சுது, இது மட்டும் தொலையல."

நாய், அட்டை, குன்னூர் பஸ் வளைவு, எல்லாமே அவருக்குப் பயம். காட்டெருமை படுத்திருக்குமே என்று, நிரைக்குள் இறங்குமுன் நின்று, "சாமி, வாறோம், ஒதுங்கிக்கோ" என்று குரல் கொடுப்பார்.

"வெருளி, பூசை முடிஞ்சுதா? கொழுந்து முத்திரப் போகுது!" என்பார் மேஸ்திரி மனோகரன். எல்லாரும் சிரிப்போம்.

ஒரு காலை, எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மஞ்சு மூடியிருந்தது. அவர் குரல் கொடுக்குமுன் நான் அவசரமாக இறங்கிவிட்டேன். மழைக்கு நாங்கள் கறுப்பு பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொள்வது வழக்கம். செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு முதுகு. எங்களோடு பறிக்கும் பாப்பம்மாள் என்று நினைத்து, "நவுருங்கக்கா" என்று தட்டக் கை நீட்டினேன்.

முதுகு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கொம்பு தெரிந்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. நீட்டிய கையோடு அப்படியே நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் சேலையைப் பற்றியது. சின்னம்மை அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

"சாமி, புள்ள தெரியாம வந்துருச்சு. நீ போ, சாமி."

அது அவரையே பார்த்தது. பிறகு, தேர் திரும்புவதுபோல் மெல்லத் திரும்பி மஞ்சுக்குள் இறங்கிப் போயிற்று. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மாட்டையா, அக்காவையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா வேலையிலிருந்து நின்று மகனோடு திருப்பூர் போன அன்று, பஸ் ஜன்னலோரம் நின்று கேட்டேன்: "அத்தன பயம் வச்சுக்கிட்டு எப்படீங்கக்கா முன்னால வந்து நின்னீங்க?"

கம்பியை இறுகப் பிடித்தபடி சிரித்தார்.

"ஓடத்தான் பாத்தேன் புள்ள. கைதான் ஒன் சேலைய விடமாட்டேன்னுருச்சு."