பந்தியில் உட்காராதவர்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பி நெஞ்சு எரியும் அஜீரணம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. அதை வெளியே சொல்ல என் கௌரவம் விடவில்லை. விசேஷங்களில் பந்திப் பக்கமே போகமாட்டேன்.

சிதம்பரத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் இருந்த மாமா, ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்து, "படிச்சவுங்களுக்கு நம்ம சோறு எறங்காதோ?" என்று எல்லோர் முன்பும் கேட்டுவிட்டார். சொந்தங்களை நான் மதிக்கவில்லை என்றே நினைத்திருக்கிறார்கள்.

"வயித்துக்கு ஒத்துக்கல மாமா, ரொம்ப நாளா" என்றேன்.

எல்லாக் கல்யாணத்திலும் ஓடியோடிப் பரிமாறும் என் அத்தை, சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "எனக்கும் அதேதான்டி. குந்துனா சாப்புடச் சொல்வாங்கன்னுதான் வாளியத் தூக்கிக்கினு திரியறேன்."

மாமா நகர்ந்து இடம் விட்டார். "ரெண்டு பேரும் குந்துங்க. ரசத்தோட எந்திரிச்சிக்கலாம்."

கொஞ்சமாய்ச் சாப்பிட்டோம். நெஞ்சு அன்றும் எரிந்தது. ஆனால் வெகுநாள் கழித்து என் சனத்தோடு உட்கார்ந்திருந்தேன்.