ரோட்டைப் பார்த்துத் திருப்பிய விளக்குகள்

விளக்கு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் அடிக்கும்? விலை, வாட்ஸ் எல்லாம் அப்புறம்தான். நான் பதிலுக்கு, எந்தப் பக்கம் பார்த்து மாட்டப் போகிறீர்கள் என்று கேட்பேன். சிலருக்கு அது பிடிக்காது. லைட்டு வாங்க வந்தால் வீட்டு ஜாதகத்தையே கேட்கிறாளே என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். கொடைக்கானலில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் ஒரு ஃப்ளட் லைட்டைத் தூக்கிக் கையில் கொடுக்க என்னால் ஆகாது.

கடை என் அண்ணனுடையது. அண்ணன் வயரிங் வேலையும் எடுத்துச் செய்ததால் பாதி நாள் ஏதாவது ஒரு பங்களாவின் கூரைக்குள்தான் இருப்பார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வெள்ளனே எழுந்து வில்பட்டியில் கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினால், சாயங்காலம் அரிசியோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு மேலே வருவார். வீட்டில் தனியாக உட்கார்ந்து மலைப்பாதையையே நினைத்துக்கொண்டிருப்பதற்கு, கடையில் வந்து உட்காரேன் என்று அண்ணன்தான் கூப்பிட்டார். பொம்பளை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நாலு பேர் பேசினார்கள். பேசிப் பேசி அவர்களுக்கே சலித்துப் போய்விட்டது.

பனிமூட்டத்தில் லாரி எப்படி ஏறும் என்பது எனக்குச் சோறு வடிப்பது மாதிரி தெரியும். ராத்திரியெல்லாம் அவர் பேசுவது அதைத்தானே. ஹெட்லைட்டில் மஞ்சள் தாள் ஒட்டியிருப்பார். வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். மஞ்சள் அவ்வளவு அடிக்காது என்பார். பள்ளத்துப் பக்கம் ரோட்டோரமாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அந்தக் கற்களை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டே ஊர்ந்து வர வேண்டும். ரொம்ப மோசமாக இருந்தால் கிளீனர் இறங்கி முன்னால் நடப்பார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு அடிப்பார். பஜாரில் இருந்தபடியே அது அவர்தான் என்று சொல்லிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், பங்குனி மாதத்தில், கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு முதலாளி கடைக்கு வந்தார். மலைப்பாதை ஊருக்குள் ஏறுவதற்குச் சற்று முன்னால், ஒரு வளைவின் மேட்டில், பழைய பங்களா ஒன்றை வாங்கி லாட்ஜ் ஆக்கிக்கொண்டிருந்தார். இருப்பதிலேயே பெரிய ஃப்ளட் லைட்டாக நாலு வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். மாடி முகப்பில் ரோட்டைப் பார்த்து மாட்டப் போவதாகச் சொன்னார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. சொன்ன காரணமும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போன சீசனில் மூட்டத்தில் பங்களா இருப்பதே தெரியாமல், அதைப் பார்க்க வந்த கார்களெல்லாம் வாசலைத் தாண்டிப் போய்விட்டனவாம். பனி மறைக்கிறது, ஆகவே பனியைக் கிழிக்கிற வெளிச்சம் வேண்டும். கீழே இருந்து வருகிற எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள்.

"பனிக்குள்ள லைட்டு அடிச்சா பனிதாங்க தெரியும். லாட்ஜ் தெரியாது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே மூட்டம் இறங்கவும் நல்லதாகப் போயிற்று. கடையின் பின்கட்டில் ஒரு லைட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அவரை எதிரே நிற்க வைத்து, அண்ணனைப் போட்டுக் காட்டச் சொன்னேன். உள்பக்கம் வெள்ளை எனாமல் பூசிய, தாம்பாளம் அகலத்துக்கு இருக்கிற லைட்டு. போட்டவுடனே எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல ஆகிவிட்டது. பின்கட்டுச் சுவரும் இல்லை, கொய்யா மரமும் இல்லை. முதலாளி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, போதும்மா போதும் என்றார்.

அப்புறம் அண்ணன் வழி சொன்னார். நாலு வேண்டாம், இரண்டு போதும். அவற்றையும் தரையில் வைத்து, சுவரைப் பார்த்துச் சாய்த்துவிடுவோம். கட்டடம் மட்டும் மினுங்கும், வெளிச்சம் ரோட்டுக்கு வராது. வாசல் தூணில் இடுப்பு உயரத்தில் மஞ்சள் கண்ணாடி போட்ட கூண்டு விளக்கு ஒன்று. வருகிறவன் வாசலைக் கண்டுபிடிக்க அது போதும். மழைத் தண்ணீர் சூட்டுக் கண்ணாடியில் பட்டால் விரிசல் விடும் என்று தகரத்தில் சின்னக் கூரையும் வைத்துத் தருவதாகச் சொன்னார். முதலாளி நாலுக்கு ஆசைப்பட்டவர், இரண்டுக்கு அரை மனசாகத் தலையாட்டினார். வேலையும் அப்படியே நடந்தது. மெயின் போர்டு சமையல்கட்டு நடையில் என்பதுவரை எனக்குத் தெரியும். ஃபியூஸ் கட்டைகளை அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

சித்திரையில் திறப்பு விழா. முதல் அழைப்பை முருகன் காலடியில் வைத்துவிட்டு வருகிறேன் என்று முதலாளி பழனிக்குப் போனார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது போலிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த பிறகும் சமவெளியில் மலைக்கோயில் விளக்குகள் பளிச்சென்று தெரிந்திருக்கின்றன. அது அவர் மனதில் பதிந்துவிட்டது. சாமிக்கே தூரத்தில் தெரிகிற மாதிரிதானே வைத்திருக்கிறார்கள் என்று வந்தவுடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, தரையில் கிடந்த இரண்டு லைட்டையும் மாடி முகப்பில் ஏற்றி, ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டார். பழனி மலை வேறு, இந்த மலை வேறு என்று அவருக்கு யார் சொல்வது?

விழாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைப் பார்த்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனும் முகம் சிவந்துபோய் நேரே முதலாளியிடம் போனார். முதலாளி அண்ணன் தோளில் கைபோட்டுத் தணிவாகத்தான் பேசினார். நல்ல நேரம் பார்த்தாகிவிட்டது. விளக்கேற்றியதும் வெளியே இதையும் போட்டுவிட வேண்டும். ஒரு சாயங்காலம்தானே, காலையில் நீங்களே வந்து பழையபடி திருப்பிக்கொள்ளுங்கள் என்றாராம். அண்ணன் வந்து அதையே என்னிடம் சொன்னார். வானம் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளகவிப் பக்கத்துப் பள்ளத்தில் மேகம் பொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்குக் கிளீனருக்குக் காய்ச்சல் என்று காலையில் என் வீட்டுக்காரர் தனியாகத்தான் லாரியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். முன்னால் இறங்கி நடக்க ஆள் கிடையாது. லாட்ஜுக்குக் கீழே இருக்கிற வளைவில் அவர் திரும்பும்போது இந்த இரண்டு லைட்டும் நேராக அவர் முகத்தில் அடிக்கும். அதற்கப்புறம் எனக்கு அந்த வீட்டுச் சந்தனமும் வேண்டியிருக்கவில்லை, சர்க்கரையும் வேண்டியிருக்கவில்லை.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூட்டம் ஏறிவிட்டது. முதலில் வாசல் தூண் மங்கியது. அப்புறம் ரோடு இல்லை. அப்புறம் முற்றத்தில் நின்ற கார்களும் இல்லை. நான் மறுபடி முதலாளியிடமே போனேன். அரை மணி நேரம் பொறுங்கள், என் வீட்டுக்காரர் லாரி ஏறி வரட்டும், அப்புறம் விடிய விடியப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். நல்ல நேரம் முடியப் போகிறதே அம்மா என்றார். அந்த மனுஷர் கண்ணில் தண்ணீரே நின்றது. ஆயுசுக்கும் சேர்த்ததை அந்தக் கட்டடத்தில் போட்டவர். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் வந்தது.

அண்ணன் டார்ச்சை எடுத்தார்.

"நான் வளைவுல போயி நின்னு மாப்ளையை நிறுத்திடுறேன் தாயி. நீ பதறாத" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

நாலு எட்டு வைப்பதற்குள் அவர் முதுகு மறைந்துவிட்டது.

முதலாளியின் மனைவி குத்துவிளக்கை ஏற்றினார். தேங்காய் உடைந்தது. வெளி லைட்டைப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வாசலுக்கு வெளியே உலகமே இல்லாமல் போய்விட்டது. பாலுக்குள் இறங்கி நிற்பது போல எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. கைலாயம் மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குள் அண்ணன் எங்கே நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

அப்போது ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கீழ் வளைவு. அடுத்தது எங்கள் வளைவுதான்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்ஜின் முக்கி முக்கி ஏறுகிற சத்தம் நெருங்கி வந்தது. அடுத்த ஹாரன் வர வேண்டும். வரவில்லை. ஹாரன் அடிக்க மறக்கிற மனுஷர் இல்லை அவர். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார் என்றால்தான் அடிக்க மாட்டார்.

எப்படிப் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஸ்விட்சுப் பக்கம் முதலாளியும் ஆட்களும் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நான் பெண்களைத் தள்ளிக்கொண்டு சமையல்கட்டு நடைக்குள் ஓடினேன். யாருடைய பட்டுப் புடவையிலோ மிதித்தேன். மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடித்து ஒரே இழு. வீடு முழுக்க இருட்டு. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. ஏற்றி வைத்த லைட்டு நல்ல நேரத்திலேயே அணைந்துவிட்டதே என்று பெண்கள் அலறினார்கள். பாவி, குடியைக் கெடுத்தாளே என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நான் நிற்கவில்லை. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

மூட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அது சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது, காலடியில் ரோடு தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் அசையாமல் நின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அசையாதீங்க மாப்ளே, அசையாதீங்க மாப்ளே என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று, பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டிய கல், இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. இடது பக்கத்து முன்சக்கரம் கல் வரிசைக்கு அந்தப் பக்கம், ஈரப் புல்லின் மேல் இருந்தது. அதற்கப்புறம் ஒரு முழம் மண். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு முதலாளியும் டார்ச்சோடு ஓடி வந்தார். என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்திருப்பார். சக்கரத்தைப் பார்த்ததும் டார்ச்சைத் தரையில் வைத்தார். அவரும் அண்ணனும் பெரிய கற்களாகத் தூக்கிவந்து பின்சக்கரங்களுக்கு அடை கொடுத்தார்கள். இவர் வலது பக்கக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது, வேர்வையிலா பனியிலா தெரியவில்லை.

"கல்லைத் தேடித் தேடிப் பாத்தேன் மச்சான்" என்று அண்ணனிடம் சொன்னார். "எல்லாம் ஒரே வெள்ளையாக் கெடந்துச்சு. லைட்டு போன பெறகுதான் கல்லு கண்ணுல பட்டுச்சு. இன்னொரு உருட்டு உருட்டியிருந்தா முடிஞ்சுச்சு. யாரு பெத்த மகராசனோ அணைச்சான்."

எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் முதலில் வந்தது. "மகராசனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான் பிடுங்கினேன்" என்று கத்தினேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வலது கையைப் பார்த்தார். ஃபியூஸ் கட்டை அதற்குள்ளேயே இருந்தது. ஓடி வந்த வழியெல்லாம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பித்தளைக் காது உள்ளங்கையில் குத்தி ரத்தம் கசிந்திருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. கையைத் திறக்கலாம் என்று பார்த்தால் விரல் திறக்க மாட்டேன் என்றது. அவர் என்னைக் கீழே உட்கார வைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். கட்டையைத் துண்டில் துடைத்து முதலாளியிடம் நீட்டினார்.

"காலையில வெயிலு வந்த பெறகு மாட்டுங்க மொதலாளி" என்றார்.

முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி முழுக்க லாட்ஜில் குத்துவிளக்கு மட்டும்தான் எரிந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்து, அவர் தோளில் இருந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, நாலு பேர் பார்க்க அழுதேன்.