சடைச்சி வாங்கிய அடிஷனல் பேப்பர்

போன மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நின்றுகொண்டு மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வேண்டியதையெல்லாம் வாங்கினேன். பேனா, ஸ்கேல், பென்சில் எல்லாம் ஆன பிறகு பழக்கதோஷத்தில், "ஒரு கண்டு வெள்ளை நூலும் குடுங்க" என்றேன். கடைக்காரப் பையன் முழித்தான். மகள் என் காதருகே வந்து, "அம்மா, நூல் எதுக்கு? இப்பல்லாம் புக்லெட்டாத் தச்சே குடுத்துருவாங்க. மானத்த வாங்காத" என்றாள். பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவள் நான். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கும் நின்றிருக்கிறேன். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் வாயில் நூல்தான் வந்தது.

உங்களுக்கும் என் வயது என்றால் ஞாபகம் இருக்கும். முதலில் ஒரு மெயின் ஷீட் தருவார்கள். அது தீர்ந்ததும் எழுந்து நின்று கையைத் தூக்கினால் அடிஷனல் பேப்பர் வரும். முதல் ஆளாய் எழுந்து "அடிஷனல் பேப்பர் சார்" என்று கேட்பதற்கு ஒரு தனி மிதப்பு வேண்டும். எனக்கு அது நிறையவே இருந்தது. கடைசி மணி அடிக்கும்போது எல்லாத் தாளையும் அடுக்கி, மூலையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து முடிச்சுப் போட வேண்டும். கொடைக்கானல் ஜனவரிக் குளிரில் விரல் விறைத்துக்கிடக்கும். முடிச்சு விழாது. பல்லால் இழுத்துப் போட்டவர்கள் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் கவுஞ்சி, கொடைக்கானல் மலையில் ஒரு கிராமம். அப்பா பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டார். பத்தாவதுக்குக் கொடைக்கானல் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆஸ்டலில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆஸ்டலின் வாசனை இன்றைக்கும் எனக்கு வரும். காயாத ஸ்வெட்டர், வெந்நீர் அடுப்பில் எரியும் யூகலிப்டஸ் இலை, அப்புறம் இங்கிலீஷ் நோட்ஸ் புத்தகம். கீழே மதுரையில் அச்சடித்த அந்தப் புத்தகம் மலைக்கு ஏறியதும் ஈரம் குடித்து உப்பிவிடும். பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மாவுப்பசை வாசம். அந்த வாசத்தோடுதான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. வந்தது என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒப்பித்தேன். கேள்வியை மாற்றிக் கேட்டால் விழுந்துவிடுவேன். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்க அங்கே யாரும் இல்லாததால் நான்தான் வகுப்பில் முதல்.

இங்கிலீஷ் சார் எங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். முன்னால் இருந்தவர்கள் ராங்க் பெஞ்சு. பின்னால் இருந்தவர்கள் பாஸ் பெஞ்சு. பாஸ் பெஞ்சுக்காரர்கள் பாடமெல்லாம் படிக்க வேண்டாம். ஒரு மனப்பாடப் பாட்டு, ஒரு லெட்டர், இரண்டு பாரா. அதை மட்டும் ஆறு மாதம் எழுதி எழுதி முப்பத்தைந்து எடுக்க வேண்டும். சார் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். போன டெஸ்ட்டில் வாங்கிய மார்க்கைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ பதினெட்டு, எந்திரி." "இருபத்திரெண்டு எங்க, லீவா?" நாங்கள் சிரிப்போம். அவர் கெட்ட மனிதர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாக்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடத்துப் பதினொன்று, சடைச்சி.

பாச்சலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்து வந்தவள். மலையில் இருக்கும் பளியர் பழங்குடி வீட்டுப் பெண். அப்பா இல்லை, அம்மா எஸ்டேட்டில் பழம் பறித்தாள். ஆஸ்டலில் அவளுக்குப் பக்கத்தில் படுக்க யாரும் பாய் போடமாட்டார்கள். காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. நானும் போட்டதில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் காது இருந்தது. சார் ஒருமுறை வாசித்தால் போதும், அந்தப் பாராவை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். சார் மூச்சு விட்ட இடத்தில் அவளும் மூச்சு விடுவாள். சாருக்கு இது ஒரு வேடிக்கை. யாராவது வந்தால் அவளை எழுப்பிச் சொல்லச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் போர்டில் ஒரு வரி எழுதச் சொல்லுவார். அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அப்படி வந்த ஒரு வயதான அம்மாள் சிரிக்கவில்லை. மழையைப் பற்றிய எங்கள் மனப்பாடப் பாட்டுப் பதினாறு வரியையும் சடைச்சி சொல்லக் கேட்டுவிட்டு, போர்டு வேலைக்கு முன்னாலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தன் பையிலிருந்து ஒரு சின்ன டிக்ஷனரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நீலத்தோல் அட்டை, ஓரமெல்லாம் பொன் நிறம். அதற்குள் நான் எழுந்து அதே பாட்டைச் சொல்லக் கையைத் தூக்கியிருந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. தூக்கிய கையை எப்படி இறக்கினேன் என்பது இன்னும் என் தோளில் இருக்கிறது.

படிக்கத் தெரியாதவளுக்கு டிக்ஷனரி. ஆஸ்டலில் அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். "ரிவிஷனுக்கு மூணு வாரம் இருக்கு. அந்தப் பதினொண்ண முப்பத்தஞ்சுக்குக் கொண்டு வா. அவ பாஸாகலேன்னா ஸ்கூல் ரிசல்ட் அடிபடும். பப்ளிக் எழுத விடமாட்டோம், டிசியக் குடுத்து அனுப்பிருவோம்."

தினமும் வெள்ளனே எழுந்து வெந்நீர் அடுப்பருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டுத்தான் அவளுக்குத் தலைக்குள் இருக்கிறதே. புத்தகத்தை வைத்துக்கொண்டு, விரலை நகர்த்திக்கொண்டே வாயில் பாட்டைச் சொன்னாள். சொல்லும் வார்த்தையும் விரலுக்கு அடியில் இருக்கும் வார்த்தையும் ஒன்று என்று பிடிபட்டது. பிடிபட்டதும் வெரசாப் போனாள். ஒரு பாராவில் கற்ற வார்த்தையை இன்னொரு பாராவில் அடையாளம் கண்டு, "ஏ, இது அங்க வந்ததுதான?" என்று கேட்பாள். நான் "ஆமா" என்பேன். நான் பத்து வருடம் படித்தும் அப்படி ஒருமுறைகூட எனக்கு ஒரு வார்த்தை திரும்ப எதிரில் வந்து நின்றதில்லை.

ரிவிஷன் டெஸ்ட் நடந்தது. அன்று வகுப்பில் முதல் ஆளாய் எழுந்து அடிஷனல் பேப்பர் கேட்டவள் நான். ஐந்தாறு பேருக்குப் பிறகு பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சடைச்சி நின்றுகொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் சிரித்துக்கொண்டே, "உனக்கா?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்.

பாஸ் பெஞ்சுப் பேப்பர்களைச் சார் திருத்துவதில்லை. ராங்க் பெஞ்சில் இருந்த எங்களிடம் தந்துவிடுவார். அவளுடையது எனக்குத் தந்த பேப்பர்க் கட்டுக்குள் வந்தது. ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்து திருத்தினேன். மெயின் ஷீட்டில் அங்கங்கே பிழைதான். இருபத்து நான்கு வந்தது. அடுத்து அந்த அடிஷனல் பேப்பர். பாட்டு பதினாறு வரியும் இருந்தது. கமா இருந்தது, வரிக்கு வரி பெரிய எழுத்து இருந்தது. அதற்குக் கீழே லெட்டர். இரண்டுக்கும் சேர்த்துப் பதினேழு கொடுக்கலாம். பாஸாகி, மேலேயும் ஆறு மார்க்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பேப்பரில் பாட்டின் பதிமூன்றாவது வரியை நான் விட்டிருந்தேன்.

நூல் முடிச்சை அவிழ்த்தேன். அவள் நன்றாகத்தான் கட்டியிருந்தாள், நகத்தால் நெடுநேரம் நெருட வேண்டியிருந்தது. அந்தத் தாளை மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றதைத் திரும்பக் கட்டினேன். மறுநாள் விடிந்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈரத்தாள், உடனே பற்றவில்லை. ஒரு குச்சியால் உள்ளே தள்ளினேன். பக்கத்தில் வாளியோடு நின்ற பெண் என்னவென்று கேட்டாள். குப்பை என்றேன்.

வகுப்பில் சார் மார்க் வாசித்தார். "இருபத்துநாலு. அம்மாவக் கூட்டிட்டு வா."

சடைச்சி எழுந்தாள். "சார், அடிஷனல் பேப்பர்ல பாட்டு எழுதுனேன் சார். லெட்டரும் எழுதுனேன்."

சார் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "எங்க இருக்கு?"

"எழுதுனேன் சார்."

"வாங்குனா எழுதுனதா ஆயிருமா? வாங்கி ஜன்னல் வழியாப் போட்டியா?" வகுப்பு சிரித்தது. சார் என்னைப் பார்த்தார். "நீதான திருத்துன. இருந்துச்சா?"

சடைச்சியும் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம் கொஞ்சம்கூட இல்லை. நான் காப்பாற்றிவிடுவேன் என்று பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல சார்" என்றேன்.

பொய் சொன்னதற்காக அவளை வெளியே நிற்க வைத்தார். மூன்று பீரியட். மூடுபனி வராந்தாவுக்குள் ஏறி, அவள் நிற்பது சில நேரம் தெரிந்தது, சில நேரம் தெரியவில்லை. உள்ளே நான் எடுத்த எண்பத்தெட்டுக்குக் கை தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தாள். ஆபீஸ் ரூமில் தலைமையாசிரியை மெதுவாகத்தான் பேசினார். "டுடோரியல்ல சேந்து பிரைவேட்டா எழுதிக்கலாம்மா. இங்க இருந்தா அவளுக்கும் கஷ்டம்." அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காகிதத்தை நீட்டியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கைநாட்டு எங்கனங்க வைக்கணும்?"

சடைச்சி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வந்தேனா, சும்மா பார்க்க வந்தேனா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் டிக்ஷனரியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீயே வச்சுக்க. அங்க கொண்டுபோயி நான் என்ன செய்ய. நீ எம்புட்டுப் பாடுபட்ட எனக்காக."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

பப்ளிக் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடம் நூறு சதவீதம் தேர்ச்சி. அந்த டிக்ஷனரியை வைத்துத்தான் காலேஜ் வரை படித்தேன். பிறகு பெரியதாக ஒன்று வாங்கியதும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பாச்சலூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் இருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சடைச்சி. நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன், அவள்தான் கண்டாள். பக்கத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அம்மாவின் அதே நெற்றி.

"டீச்சராயிட்டியாமே. நீ ஆவேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். "அந்த டிக்ஷனரி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்" என்றேன்.

மகளைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் படிக்கிறா. டவுன்ல ஆஸ்டலோட இங்கிலீஷ் மீடியத்துல சேத்துக்கிடுறோம்னு வந்து கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"எங்க மண்டையெல்லாம் எதையும் ஒழுங்கா வச்சுக்கிடாது. நான் என்ன பண்ணுனேன், எழுதாதத எழுதுனேன்னு சாதிச்சேன். அம்புட்டுப் பேரு முன்னால. எழுதுன மாதிரியேதான் எனக்கு இருந்துச்சு, அந்தப் பேப்பரு கூட கண்ணுல தெரிஞ்சுச்சு. பித்து மாதிரி. அதுல இருந்து எனக்கு எம்மேலயே நம்பிக்கை கெடையாது. கடைக்குப் போனாக்கூட இவளக் கூட்டிட்டுத்தான் போறேன். இவளுக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாதுல்ல."

பஸ் வந்தது. ஐந்து நிமிடம் நின்றது. ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போதும், ஒரு வாக்கியம்தான். நான் கையாட்டினேன்.

கடையில் நூல் கேட்டு அசடு வழிந்த அன்றைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் காரணம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பாச்சலூருக்குப் போனேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். எஸ்டேட் பெயரைச் சொல்லி வழி கேட்டு, மண் ரோட்டில் இறங்கினேன். பெரிய இரும்புக் கேட், மேலே ரிசார்ட் என்று போர்டு. உள்ளே கூடாரம் கூடாரமாக வெள்ளைத் துணி, நடுவில் நீலத் தண்ணீர். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"லைன் வீடுங்களா? அத இடிச்சு நாலு வருசமாச்சுங்க. அந்தா குளிக்கிற குளம் கெடக்குல்ல, அந்த எடந்தான்."

"அங்க இருந்தவங்க?"

"கொஞ்சம் பேரு கேரளாவுல ஏலத்தோட்டத்துக்குப் போனாங்க. கொஞ்சம் பேரு திருப்பூரு. யாரு எங்கனன்னு எனக்குத் தெரியாதுங்க."

சடைச்சி பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. இரண்டு வருடமாகத்தான் அங்கே இருக்கிறாராம். குளத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளோ கத்திக்கொண்டு குதித்தார்கள். காப்பிச் செடிகூட அலங்காரத்துக்கு ஒரு வரிசை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"ரூம் புக் பண்ணிருக்கீங்களா?" என்று வாட்ச்மேன் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப வண்டியத் திருப்பிக்கிடுங்க. கெஸ்ட்டு வர்ற நேரம்."