ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு மாத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதையளக்கிறவன். பணி ஓய்வு பெற்ற இந்த ஆறு வருடத்தில் நான் பார்த்த எலி பூனையாகி, பூனை புலியாகி, இப்போது தெருவே அந்தப் புலிக்குப் பயப்படுகிறது. ஆகவே வர்ணனைகளில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். மாத்திரை எண்ணிக்கையிலும் மணியிலும் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். முப்பத்து நான்கு வருடம் மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவன். அதில் பொய் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எங்கள் வார்டில் ஒன்பது கட்டில்கள். ஒன்பதாவதில் இருந்தவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். எல்லோருக்கும் அவர் ‘கடிகாரம்’. இருபது வருடமாக அவர் காதுக்குள் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். மாதம் ஒரு ஊசி போட்டும் குரல் ஓயவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் ஊசியோடு வால்ப்ரோயேட் மாத்திரையையும் சேர்த்தார். வலிப்புக்கு வந்த மருந்து. மனக்கொந்தளிப்பையும் தணிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். இரவு எட்டு மணிக்கு ஒன்று. ரோஜா நிறம். அளவைக் கேட்டால் பூசணிக்காய் என்பேன். பூசணி விதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வலிப்பு மாத்திரை எனக்கு எதுக்கு நர்ஸ்காரரே? நானா துடிக்கிறேன்?”

“உங்களைப் பார்த்து டாக்டர்தான் துடிக்கிறார். முழுங்குங்க.”

விழுங்க மாட்டார். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் மழை வருமா என்று பேசுவார். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்ததும் குட்டு உடையும். அதனால் எங்கள் தொழிலில் இரண்டு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். “வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.”

ஏன் ஒளிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“அவனும் பேச்சை நிறுத்திட்டா, எனக்குன்னு பேச யாரு இருக்கா?”

என் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நானும் ரேடியோவை அணைக்காமல்தான் வேலைக்கு வருவேன். பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரு குரல் இருக்கட்டுமே என்று.

பிறகு அவருடைய அக்கா வந்தார். பத்து நாள் லீவில் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன், நன்றாக இருந்தால் என்னோடேயே இருக்கட்டும் என்றார். இல்லையென்றால் ஆயுள் முழுக்க வைத்திருக்கும் பூட்டிய கட்டடம்தான். அங்கே போய்த் திரும்பியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கடிகாரம் இரண்டு மாதம் நிஜமாகவே விழுங்கினார். ரத்தப் பரிசோதனை இரண்டு முறையும் சரியாக வந்தது. ஒரு திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் கிளம்பினார்.

“எட்டு மணி மாத்திரையை மறந்துடாதீங்க,” என்றேன்.

“நான் மறந்தாலும் கடிகாரம் மறக்காது.”

இரவு 7.50. மாத்திரைத் தட்டைத் தயார் செய்தேன். லீவில் போனவரின் மருந்து அட்டையை முதல் வேலையாகத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. இப்போது எடுத்தேன். அதன் பின்னால் ஒரு காகித உறை செருகியிருந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோக நானே எண்ணிப் போட்ட பத்து மாத்திரைகள்.

கொடுக்கவே மறந்திருக்கிறேன்.

அக்காவின் எண்ணுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வார்டுப் பொறுப்பு நர்ஸம்மாவிடம் ஓடினேன்.

“மருந்துச் சீட்டு அவங்க கையில இருக்குல்லண்ணே? கடையில வாங்கிக்குவாங்க. நீங்க பதறாதீங்க.”

மற்ற எட்டுப் பேரும் சாப்பாட்டு அறையில் மாத்திரை போட்டுக்கொண்டு டிவி பார்க்கப் போனார்கள். கடிகாரம் மட்டும் எப்போதும் தன் கட்டிலில் உட்கார்ந்துதான் போட்டுக்கொள்வார். எனக்கு மனசு ஆறவில்லை. உறையிலிருந்து ஒன்றை எடுத்துச் சின்னக் கப்பில் போட்டு, அரை டம்ளர் தண்ணீரோடு ஒன்பதாம் கட்டிலின் அலமாரிமேல் வைத்தேன். அசட்டுத்தனம்தான். மணி 8.00. வார்டில் ஈ காக்கை இல்லை. வெளியே வந்து பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

இப்படியே விட்டால் நர்ஸம்மா பார்த்துச் சிரிப்பாரே என்று திரும்பப் போய்த் திறந்தேன்.

8.07.

கப் காலி.

டம்ளரில் தண்ணீர் குறையவில்லை. கூடியிருந்தது. விளிம்புவரை... கலங்கலாக.

செவ்வாய்க்கிழமை. அக்கா போனை எடுக்கவில்லை. 8.00 மணிக்கு இன்னொரு மாத்திரை வைத்தேன். இந்த முறை கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எந்தப் பயல் விளையாடுகிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

8.07.

க்ரீச்...

கட்டில் கம்பி. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. மெதுவாக. கனத்த உடம்பு ஒன்று களைத்துப்போய் உட்காருவதுபோல. என் தலையில் இருந்த பதினொரு முடியும் எழுந்து நின்றன.

‘களக்.’

தொண்டைச் சத்தம். கப் காலி.

அப்போதே முப்பத்திரண்டு வருடப் பழக்கம். என் வாய் தானாகச் சொன்னது. “வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.”

“ஆ...”

மிகப் பக்கத்தில். சேற்று வாடை.

ஓடியிருக்க வேண்டும். ஓடியிருந்தால் மூன்று ஊர் தாண்டித்தான் நின்றிருப்பேன். ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வருடத்தில், ஆளில்லாத அறையில் நான் பேசியதற்கு ஒரு பதில் வந்தது அன்றுதான்.

புதன். 8.07. “ஆ...”

வியாழன். 8.07. அவர் விழுங்கிய பிறகு என் ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். பள்ளம் அசையாமல் கேட்டது. எழுந்து பார்த்தால் விரிப்பு ஈரம். தலையணையில் ஒரு இழை பாசி.

வெள்ளி. 8.07. “ஆ...”

நாக்கு மேலே ஒட்டிப் பிரியும் சத்தம். ‘ட்ளக்.’

“நல்லது. தூங்குங்க,” என்றேன்.

சனிக்கிழமை காலை 6.20. போலீஸிலிருந்து போன். மருத்துவமனைக்கு வரும் சாலையில், சின்னப் பாலத்துக்குக் கீழே, வாய்க்காலில் ஒரு உடல். சட்டைப்பையில் எங்கள் லீவு அட்டை. அடையாளம் காட்ட நான் போனேன்.

பிணவறை வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“மாத்திரை கேட்டான் தம்பி. பையில இல்ல. வாங்கிட்டு வரலாம்னு ஏழு மணிக்குக் கடைக்கு ஓடினேன். அதுக்குள்ள கிளம்பிட்டான். எட்டு மணிக்கு நான் வார்டுல இருக்கணும்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போனானாம்.”

“எங்களுக்கு ஏன் சொல்லலைக்கா? எத்தனை தடவை போன் பண்ணேன்.”

“சொன்னா பூட்டுன கட்டடத்துல போட்டுடுவீங்களே. அதான் எடுக்கல. நானே தெருத்தெருவா தேடினேன்.”

உறை என் சட்டைப்பையில் இருந்தது. அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை இரவே இறந்துவிட்டார் என்றார் பிணவறை டாக்டர். மணிக்கட்டில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. 8.07.

பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“உங்க மாத்திரையான்னு பாருங்க. இத்தனை நாள் தண்ணியில கிடந்தும் ஒண்ணுகூடக் கரையல.”

“எங்க இருந்துச்சு?”

“நாக்குக்கு அடியில.”

ரோஜா நிறம்.

வெளியே வந்து உறையைப் பிரித்து எண்ணினேன். மீதி ஐந்து.

கிண்ணத்திலும் ஐந்து.

நான்கு இரவு நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கியதை என் காதால் கேட்டேன்...

பார்க்கத்தான் இல்லை.