ஓலைத்தொப்பிக்குக் கீழே

கிழக்கு எல்லையில் நடந்த போரில் நான் துப்பாக்கி பொருத்திய ஹெலிகாப்டர் ஓட்டினேன். ஒரு நாள், தென்னையும் குளமுமாக எங்கள் குளத்தூரைப் போலவே இருந்த ஒரு கிராமத்தின்மேல் தாழப் பறந்தோம். வயலில் ஏழெட்டுப் பேர் குனிந்திருந்தார்கள். தலையில் வட்டமாக ஏதோ தெரிந்தது. பட்டாளத்து இரும்புத் தொப்பியா, கதிர் அறுப்பவர்களின் ஓலைத்தொப்பியா?

“சுடட்டுமா?” என்று துப்பாக்கிக்காரர் கேட்டார். “வேண்டாம்” என்று சொல்லித் திருப்பினேன். அந்த நொடியில் எங்கள் வாலை ஒரு குண்டு துளைத்தது. எப்படியோ தப்பி வந்து இறங்கினோம். சுட்டது அவர்களா, தோப்பில் பதுங்கியிருந்த வேறு யாராவதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர் முடிந்து விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எங்கள் வயலில் அறுப்பு. வரப்பில் ஏறியதும் குனிந்த ஓலைத்தொப்பிகளைப் பார்த்தேன். “எல்லாரும் தொப்பிய எடுங்க!” என்று கத்திவிட்டேன்.

தங்கையன் நிமிர்ந்தார். எங்கள் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர். புதுச் சட்டத்தால் அந்த மண் அப்போதுதான் அவருக்குச் சொந்தமாகியிருந்தது.

“ஒங்களக் கண்டா தொப்பி எடுக்கிய காலம் போச்சு, சாறே. எனக்கும் இப்ப சொந்த மண்ணு உண்டாக்கும்.”

அவர் சொன்னது நியாயம். நான் கத்தியதற்குக் காரணம் வேறு. அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று புரியாமல் திரும்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் வரப்பில் நின்று, முதலில் என் தொப்பியைக் கழற்றிவிட்டு, “தங்கையண்ணா” என்று கூப்பிடுகிறேன். அவர் நிமிர்ந்து, “வாங்க சாறே” என்று சிரிக்கிறார். மரியாதைக்குச் செய்கிறேன் என்று நினைக்கிறார் போலும். முகம் தெரிந்த பிறகுதான் நான் வயலில் இறங்குகிறேன்.