தனி ஆணியில் தொங்கிய குவளை

மலாயாவில் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தேன். காலில் வந்த புண் ஆறவில்லை. பால் வெட்டப் போக முடியாது. அதனால் பிள்ளைகளைப் பார்க்கப் போட்டார்கள்.

விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும். தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். காலையில் டின்பால், உச்சியில் கஞ்சி. தூங்கத் தொட்டில். அவ்வளவுதான் கொட்டகை.

நான் போன புதிதில் பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஓர் அண்டா வாங்கிக் கொடுத்தார். "குவளை, கரண்டி, தொட்டில் துணி எல்லாம் கொதிக்கணும். சுட்டாப் போதாது, கொதிக்கணும்" என்றார். துணியைத் தனியாகக் கொதிக்கவைத்தேன். குவளைகளைக் காலையிலும் உச்சியிலும் போட்டெடுத்தேன். புகையில் கண் எரியும். ஆனாலும் ஓட்டம் குறைந்தது. கண்ணால் பார்த்தேன்.

ஒரு குவளை மட்டும் அண்டாவுக்குள் போகவில்லை. அது கங்காணியின் பேத்தியுடையது. பித்தளை. மற்றதெல்லாம் தகரம்.

கங்காணி தானே சுத்தியல் கொண்டுவந்து, வாசற்படி ஓரத்தில் பிள்ளை கைக்கு எட்டும்படி ஓர் ஆணி அடித்தார்.

"எங்க பிள்ள குவள இதுல தொங்கும். கண்டவன் குவளையோட போட்டு அவிக்காத. நீயும் தொடாத. தூக்கி ஊத்து."

"கொதிக்கணும்னு டிரெஸ்ஸர் ஐயா சொல்லியிருக்காருங்க."

"டிரெஸ்ஸரா வந்து எங்க வீட்டுல பொண்ணு கட்டப் போறாரு? சொன்னதச் செய்யி."

நான் கீழ்லயத்துக்காரி. அவர்கள் மேல்லயம். கப்பலில் ஒரே தட்டில் உட்கார்ந்து வந்தவர்கள்தான் எல்லாரும். கரை இறங்கியதும் சாதி பார்த்துக் குடியிருக்கிற லயம் பிரிந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு வயது ரெண்டு இருக்கும். வெளிக்குப் போனால் நான்தான் கழுவினேன். மூக்குச் சிந்திவிட்டேன். தூக்கம் வராவிட்டால் என் தோளில்தான் கிடக்கும். அதற்கெல்லாம் என் கை ஆகும். குவளையைத் தொட ஆகாது. பிள்ளையே ஆணியிலிருந்து எடுத்து நீட்டும். நான் கரண்டியை உயரத் தூக்கி ஊற்றுவேன். குடித்து மிச்சத்தோடு திரும்ப மாட்டும். உச்சிவரை ஈ மொய்த்துக் கிடக்கும். அதிலேயே கஞ்சி.

சாயங்காலம் அதன் தாய், கங்காணியின் மருமகள், எடுத்துப் போய் ஓடையில் புளி போட்டுத் தேய்ப்பாள். வெளியே தங்கம் மாதிரி மின்னும். விளிம்பை உள்பக்கம் மடித்து அடித்திருந்தார்கள். அந்த மடிப்புக்குள் புளி போகாது, விரல் போகாது. பழைய பால் அங்கேயே இருந்தது. பக்கத்தில் போனாலே நாறும்.

டிரெஸ்ஸரிடம் சொன்னேன்.

"கங்காணிகிட்ட நான் வாயக் குடுக்க முடியாதும்மா. அவரு சொன்னாத்தான் ஆளுங்க ஆஸ்பத்திரிக்கே வராங்க" என்று போய்விட்டார்.

மழை பிடித்த சமயம் அந்தப் பிள்ளைக்குக் கடுப்பு கண்டது. சளியும் ரத்தமுமாகப் போயிற்று. கண் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கொட்டகையில் வேறு ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை.

கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"தொட்டியாடி?"

"தொடலிங்க."

"தொட்டிருப்ப. இல்லாட்டி எப்படி வரும்? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சு, ஒன்ன இந்தத் தோட்டத்துல வைக்க மாட்டேன்."

கையில் கரண்டி இருந்தது. அவர் தலையில் போட்டிருப்பேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

பிள்ளை பிழைத்தது. எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே அதே பித்தளைக் குவளை. புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று. தாய்க்காரி அதை ஆணியில் மாட்டப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாட்டாத. அந்த விளிம்ப மோந்து பாரு."

"என்னா ஆயா, காலங்காத்தால?"

"மோந்து பாரு தாயி. அப்பறம் மாட்டு."

முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துக் கொடுத்தேன். மடிப்பில் விட்டு இழுத்தாள். மஞ்சளாக வந்தது. குச்சியையே பார்த்தபடி நின்றாள். பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டார்கள். குவளையை என் அண்டாவுக்குள் போட்டுவிட்டு ஓடினாள். கொதித்த பிறகு அதை நான்தான் எடுத்தேன். என் கையால் துடைத்தேன். என் கையால் ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம் வந்தாள்.

"ஆயாக்கா, தினம் போட்டுடுங்க. மாமா கேட்டா மட்டும் ஆணியிலதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுடுவாரு."

முன்னே நீ என்றவள் இப்போது நீங்க என்றாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்காகச் சரி என்றேன்.

அப்படியே செய்தேன். அண்டாவில் போடுவேன், எடுப்பேன், ஆணியில் மாட்டுவேன். கங்காணி போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். குவளை தனியாகத் தொங்கும். திருப்தியாகப் போவார். பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. மறுபடி கடுப்பு வரவில்லை.

துரை கொட்டகையைப் பார்க்க வந்த அன்று கங்காணியும் கூட வந்தார். பேத்தியைத் தூக்கிக் காட்டினார். பேச்சை மாற்றிச் சொல்ல வந்த ஆபீஸ் கிராணியைப் பார்த்து, "துரைகிட்ட சொல்லுங்க. தனிக் குவள வச்சிருந்ததாலதான் எங்க பிள்ள பொழச்சிச்சு. எல்லாத்தோடயும் போட்டு அவிச்சிருந்தா போயிருக்கும்" என்றார்.

கிராணி அதைத் துரையிடம் அப்படியே சொன்னார். துரை தலையாட்டினார். தாய்க்காரி காட்டில் இருந்தாள்.

பிள்ளை அவர் இடுப்பிலிருந்து இறங்கி என்னிடம் ஓடிவந்தது. தூக்கினேன். உண்மை வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் தாய்க்காரியை வீட்டில் அடிப்பார்கள், பிள்ளையையும் கொட்டகையை விட்டு நிறுத்துவார்கள். விழுங்கினேன்.

அது இன்றைக்கும் உள்ளே போகவில்லை.