முதலில் கேட்ட தண்ணீர்

மெல்பேர்னுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு மிரியம் என்ற யூதப் பெண்ணிடம் ஏணி இரவல் வாங்கினேன். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் இலை அடைத்திருந்தது. நாங்கள் சாப்பிட உள்ளே வந்த நேரம், காற்றுக்கு மரக்கிளை முறிந்து ஏணியின்மேல் விழுந்தது. ஏணி வளைந்துபோனது.

"காற்றுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் கணவர்.

மிரியமோ, "எங்கள் மதச் சட்டப்படி இரவல் வாங்கியவர்தான் பொறுப்பு, காற்றடித்தாலும்கூட" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே புது ஏணியோடு போய் நின்றோம்.

அவர் அதை வாங்கவில்லை. "நேற்று நீங்கள் முதலில் கேட்டது என்ன?" என்றார்.

யோசித்தேன். வெயில். முதலில் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டேன். அதை ஊற்றித் தந்தபடியே ஏணியையும் தந்தார்.

"அப்படியென்றால் அந்த நேரம் நான் உங்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். சொந்தக்காரர் அப்படி வேலை செய்தபடி இரவல் கொடுத்தால் ஈடு தரத் தேவையில்லை. அதுவும் சட்டம்தான்."

புது ஏணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"இதென்ன கோதாரிச் சட்டமப்பா? வளைஞ்சது காற்றாலை, தப்பினது தண்ணியாலையோ?" என்று வழிநெடுகப் புறுபுறுத்தார் கணவர்.

சில மாதம் கழித்து அதே புது ஏணியை இரவல் கேட்டு மிரியம் வந்தார். நான் ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.

"குடிக்க ஏதும் வேணுமோ?"

அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். "தாகமில்லை. ஏணியைத் தாருங்கள், நான் பொறுப்பு."

அந்தச் சட்டம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் இரவல் கேட்டு யார் வந்தாலும், தண்ணீர் வேண்டுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.